ஓசி கார்டு மருமகன்

அத்தை,

இன்று காலை தெருவில் யாரோ முந்திரிக்கொட்டை சுட்டார்கள். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்ததும் மத்தேயுஸ் மடிக்கணினியை மூடிவிட்டு, "கொட்டை சுடுறப்ப சன்னலத் தொறந்து வச்சிருக்கியேடா மதியழகா" என்றார். உங்கள் குரல், உங்கள் இழுப்பு, அப்படியே. பிரேசிலில் பிறந்த என் கணவர், நீங்கள் வைத்த பெயரைச் சொல்லி ஆலங்குடித் தமிழில் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுச் சிரித்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகவில்லை. உங்களை நினைத்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வந்து நிற்கிறது.

ஆரம்பத்தில் நீங்கள் அவரிடம் பேசியதே இல்லை. உங்கள் மகனுக்குத்தான் நான் என்று சிறு வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தீர்கள். நானோ பெங்களூரில் உடன் வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தேன். அத்தான் குவைத்திலிருந்து வாழ்த்துச் சொன்னார். நீங்கள் மட்டும் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டீர்கள். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் நாங்கள் ஊருக்கு வந்து, உங்கள் பக்கத்து வீட்டிலேயே குடியேறினோம். இடையில் ஒரு கிளுவை வேலிதான். அவர் தினமும் வேலி ஓரம் நின்று "வணக்கம் அத்தை" என்பார். நீங்கள் கோழிகளிடம் பேசிக்கொண்டு போவீர்கள்.

அப்போது எங்களுக்கு இருந்த பெரிய பயம் விசா. ஒவ்வொரு முறை நீட்டிக்கும்போதும் இந்தத் தடவை மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்போம். இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு, திருமணம் பதிவாகி இரண்டு வருடம் முடிந்தால், காலத்துக்கும் தங்கிக்கொள்ள ஓசிஐ அட்டை உண்டு என்றார்கள். விண்ணப்பித்தோம். அந்தக் கல்யாணம் உண்மையானதுதானா என்று விசாரிக்க ஒரு காலையில் போலீஸ்காரர் மஃப்டியில் வந்தார். எங்களிடம் கேட்டு முடித்துவிட்டு, "பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா" என்று எழுந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இருந்தது உங்கள் வீடு ஒன்றுதான்.

வேலிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "இவங்க ரெண்டு பேரும் நெசமாவே புருசன் பொண்டாட்டிதானா ஆத்தா? ஒண்ணாத்தான் இருக்காங்களா?" என்று அவர் கேட்டார். நீங்கள் முதலில் கோழிகளை விரட்டினீர்கள். பிறகு தொடங்கினீர்கள்.

"நெசமான்னா கேக்குறீங்க தம்பி? விடிஞ்சா போதும், ரெண்டுக்கும் ஓயாத வழக்கு. களை எடுக்குறேன்னு போயி கடலைச் செடியப் புடுங்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறான். அன்னைக்குப் பூரா இவ அவன்கூடப் பேசல. பொழுது சாயப் பாத்தா ரெண்டும் ஒரே தட்டுல சோறு திங்குதுக. முந்திரிப்பழத்த நாங்க மாட்டுக்குப் போடுவோம். அவன் அதப் பொறுக்கிப் புழிஞ்சு குடிக்கிறான், இவளுக்கும் குடுக்குறான். இவளும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே குடிக்கிறா. பொண்டாட்டியத் தவிர வேற எவ குடிப்பா அந்தக் கருமத்த?"

"நீங்க அவரோட பேசிப் பழகுவீங்களா?"

"நான் பேசுறதில்ல. என் மவனுக்குன்னு வச்சிருந்த பொண்ணக் கட்டிக்கிட்டான். அதுக்காகப் பொய் சொல்ல முடியுங்களா?"

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு நீங்கள் குரலைத் தணித்துச் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. "என் மவன் குவைத்துல கெடக்கான். அங்க தங்குற பர்மிட்ட ஒவ்வொரு தடவ புதுப்பிக்கிறப்பவும் நான் இங்க சோறு எறங்காம உக்காந்திருப்பேன். இவனப் பெத்தவளும் எங்கிட்டோ அப்பிடித்தான் உக்காந்திருப்பா. குடுத்துருங்க தம்பி."

பாதிதான் புரிந்தது மத்தேயுஸுக்கு. மீதியை நான் சொன்னதும் நேராக உள்ளே போய், அவர் நாட்டில் எல்லோரும் குடிக்கிற அந்த முந்திரிப்பழச் சாறு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு முதல் முறையாக உங்கள் வாசலுக்கு வந்தார். நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கி ஒரு வாய் குடித்தீர்கள். "தொண்டையக் கமறுது" என்றீர்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள். "ஒம் பேரு என் வாயில நொழயல. இனி நீ மதியழகன்."

அட்டை வந்த நாளில் தெருவுக்கே கேட்கும்படி, "ஓசி கார்டா? ஓசியிலயா குடுத்தாக?" என்று கேட்டீர்கள். கட்டணம் கட்டித்தான் வாங்கினோம் என்றதும், "பெறகு எதுக்கு அந்தப் பேரு?" என்று உங்களுக்கு ஒரே வருத்தம். அன்றிலிருந்து ஊரில் அவர் ஓசி கார்டு மருமகன்.

அடுத்து வரித் தலைவலி வந்தது. அவரைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்த கம்பெனி இருப்பது பிரேசிலில், வேலை செய்வது நம் வீட்டு மாடியில். வருடத்தில் பெரும்பகுதி இங்கே இருப்பதால் அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியை முறைப்படி இங்கே கழித்துக்கொள்ளலாம் என்று புதுக்கோட்டை ஆடிட்டர் விளக்கினார். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் மத்தேயுஸ் விழித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் முறுக்குத் தட்டோடு படியேறி வந்தீர்கள். "வரி கட்டுற அளவுக்கு எங்க ஊரு மனுசன் ஆயிட்டான். இன்னும் கடலைச் செடிக்கும் களைக்கும் வித்தியாசந்தான் தெரியல" என்றீர்கள். தன் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

உங்களிடம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் எங்கள் கதையை யாரோ சொல்லக் கேட்டு, அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பிலிப்பைன்ஸ்காரரைக் கட்டியிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கும் விசாரணைக்கு வரப்போகிறார்களாம். என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நீங்கள் சொன்ன சாட்சியை ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு மெல்லக் கேட்டாள். "எங்க தெருவுல அப்பிடி யாரும் எங்களோட பழகலயேக்கா. யாரு வந்து சொல்லுவா?"

"நான் வாரேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுகிறேன் அத்தை. அந்தப் பிலிப்பைன்ஸ் பையனை நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை. அதனால் என்ன, நாலு நாள் தங்கிப் பழகினால் உங்களைப் போல வாய் நிறையச் சொல்ல அவனிடமும் குறைகள் கிடைக்காமலா போகும்?