என் கையில் இருநூற்றுப் பதினான்கு ஓட்டு

மே 3, சனி

இன்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். என் கையில் இருநூற்றுப் பதினான்கு ஓட்டு இருக்கிறது. இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் ட்ரைசிகிள், அதாவது பைக்கில் பக்கப்பெட்டி பூட்டிய வாடகை வண்டி, ஓட்டியவன் நான். யார் எந்த வாசலில் இறங்குகிறார்கள், இறங்கிவிட்டு எந்த வாசலுக்கு நடக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். மணிலாவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கருத்துக்கணிப்பு எடுப்பவனுக்கு இது வருமா?

அதிபர் மாறாத இடைக்காலத் தேர்தல் என்பதால் வானொலியில் நாளெல்லாம் செனட் செனட் என்கிறார்கள். செனட் எங்களுக்கு எட்டாத தூரம். இங்கே பேச்செல்லாம் நகராட்சிக் கவுன்சில்தான். எட்டு இடம், பதினேழு பேர், ஆளுக்கு எட்டுப் பெயர் வரை குறிக்கலாம். பட்டியலில் பதினான்காவது பெயர் ரோவேனா, என் தங்கை எர்லிண்டாவின் மகள்.

பதினொரு வருஷம் சுகாதார நிலையத்தில் மருத்துவச்சியாக இருந்தவள். வேட்புமனு கொடுத்த அன்றே அரசு வேலை போய்விடும், சட்டம் அப்படி. போய்விட்டது. நின்றே ஆக வேண்டும் என்று பிடித்துத் தள்ளியவன் நான்தான்.

"தோத்தா ஒரு வருஷத்துக்கு அரசாங்கத்துல எந்த வேலையும் குடுக்க மாட்டாங்க மாமா. குழந்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அன்றைக்கு.

"தோக்கறவங்களுக்குத்தானே அந்தக் கவலை" என்றேன்.

மே 6, செவ்வாய்

இன்றோடு எட்டுப் பேருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ரோவேனா ஒன்று. மற்ற ஏழு பேரும் வீடு தேடி வந்தவர்கள். ஒருவன் என் மூத்தவனுக்கு ஞானத்தகப்பன். இன்னொருவன் என் கையால் போட்ட சோறும் கருவாடும் தின்றுவிட்டு, "எங்கப்பன் செத்த பிறகு இப்பத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்து, உனக்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? எங்கள் ஊரில் சொல்லமாட்டார்கள்.

ஒருவன் மட்டும் வரவில்லை. ஜுன்ரே, சிமெண்ட் கல் வியாபாரி மகன். சுவரொட்டியில் பல் தெரியச் சிரித்தால் போதும் என்று நினைக்கிறான். அவனுக்குப் பத்தாவது இடம் என்று எழுதிவைத்திருக்கிறேன். அதுவும் இரக்கப்பட்டுத்தான்.

வண்டி நிறுத்தத்தில் தோமெங் கேட்டான்: "அண்ணே, உங்க கிட்ட இருக்கறது ஒரு ஓட்டா, ஒரு சீப்பு வாழப்பழமா? வர்றவனுக்கெல்லாம் பிச்சுப் பிச்சுக் குடுக்கறீங்களே."

"எட்டு இடம், எட்டுப் பேரு. கணக்கு சரியாத்தான் இருக்கு. நீ உன் டயருக்குக் காத்து அடி" என்றேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மே 10, சனி

கடைசிப் பிரசாரக் கூட்டம். ரோவேனா நான்கே நிமிடம் பேசினாள். அவள் கையில் பிறந்த பிள்ளைகள் முன்வரிசையில் நின்று கத்தின. ஆயிரம் பிள்ளைகள் இருக்கும். சரி, முந்நூறு.

கூட்டம் கலைந்து வரும்போது டாக்டர் பலிலி என் கையைப் பிடித்தார். அவரும் நிற்கிறார். எழுபது வயதில் எதற்கு நிற்கிறாரோ. என் மனைவியின் கடைசி நான்கு மாதமும் தினம் வந்து பார்த்தவர், என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளாதவர். ஓட்டுக் கேட்கக்கூட இல்லை. "எலிஜியோ, நல்லா இருக்கியா?" அவ்வளவுதான்.

"டாக்டர், என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஒன்பது.

மே 12, திங்கள்

முதியவர்களுக்கு ஐந்து மணிக்கே கதவு திறக்கிறார்கள். எனக்கு அறுபத்திரண்டு என்றால் யாரும் நம்புவதில்லை, இருந்தாலும் போனேன். பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல் ஆள். எனக்கு முன்னால் நின்ற ஆறேழு கிழங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விரல் நகத்தில் மை வைத்த ஆசிரியை, "கவுன்சிலர்ல எட்டு வட்டம்தான் நிரப்பணும் ஐயா" என்றார். "அம்மா, நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுப் போடறேன்" என்றேன். பின்னால் சிரித்தார்கள்.

ரோவேனாவின் வட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன். இதைக் கடவுள் பார்த்தார். பிறகு ஏழு. எட்டு முடிந்தது. டாக்டரின் பெயர் பட்டியலில் அங்கேயே இருந்தது, வட்டம் வெள்ளையாக. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ. விருந்தில் ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டால் சமைத்த சோற்றையே கொட்டிவிடுவார்களா? கூடுதலாக இருப்பதை இயந்திரம் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா?

நிரப்பினேன்.

இயந்திரம் தாளை இழுத்துக்கொண்டு ரசீதைத் துப்பியது. செனட்டுக்குப் போட்ட பெயர்கள் இருந்தன. மேயர் இருந்தார். கவுன்சிலர் இடத்தில் ஒரு பெயரும் இல்லை. அதிக வாக்கு, செல்லாது. எட்டும் போச்சு, ஒன்பதும் போச்சு.

"ரசீதை மடிச்சுப் பெட்டியில போடுங்க ஐயா, பின்னால ஆள் நிக்கறாங்க."

இன்னொரு தாள் தருவார்களா என்று கேட்கவில்லை. தந்திருக்கமாட்டார்கள். அப்படியும் கேட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்லிக் கேட்பது, அத்தனை கிழங்களுக்கு முன்னால்?

போகட்டும். ஒன்று குறைந்தால் இருநூற்றுப் பதின்மூன்று. வெளியே எர்லிண்டா நின்றிருந்தாள். "போட்டியா அண்ணே?" "முதல் வட்டமே உன் பொண்ணுதான்" என்றேன். பொய் இல்லை.

மே 13, செவ்வாய்

விடியற்காலையில் பட்டியல் ஒட்டினார்கள். செனட்டின் பன்னிரண்டு இடத்துக்கு நான் சொன்ன பெயர்களில் ஐந்துதான் சரி. மணிலாக்காரர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று யார் கண்டது. கவுன்சிலில் முதல் ஏழில் ஆறு பேரைச் சரியாகச் சொல்லியிருந்தேன். டாக்டர் பன்னிரண்டாவது. என் ஓட்டு இருந்திருந்தாலும் பன்னிரண்டாவதுதான்.

எட்டாவது இடம்: ரோவேனா 4,312. ஜுன்ரே 4,312.

தோமெங் இரண்டு தடவை வாசித்தான். "அண்ணே, ஒரே ஒரு ஓட்டு. எவனாவது ஒருத்தன் வீட்ல தூங்கியிருப்பான். கையில கிடைச்சா தோலை உரிக்கணும்."

"உரிக்கணும்" என்றேன்.

மே 14, புதன்

சாப்பிடவில்லை. வண்டி எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் கியர் கெட்டுவிட்டது என்றேன்.

மே 15, வியாழன்

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். நகராட்சி மண்டபத்தில், தேர்தல் அதிகாரி எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு தாளைச் சுருட்டி ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டார். ஒன்றில் எழுத்து, ஒன்று வெறுமை. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வெயிலில் நின்று போட்ட ஓட்டு கடைசியில் ஊறுகாய்க் குடுவைக்குள் வந்து நிற்கிறது. ஊறுகாய்க் குடுவைதான், மூடியின் நிறத்தைப் பார்த்தேன்.

ஜுன்ரே, "நீங்க முதல்ல எடுங்கக்கா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

ரோவேனா எடுத்தாள். பிரித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமாவது ஏதாவது இருக்குமா என்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அழவில்லை. வண்டிச் சத்தத்துக்கு மேலே, "மாமா, உங்களைக் குறை சொல்லல. நீங்க எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க" என்றாள். வாய் திறந்தேன். சொல்லிடு, இப்பவே சொல்லித் தொலைடா என்று உள்ளே ஒருத்தன் அடித்துக்கொண்டான். எதிரே லாரி வந்தது. லாரி போன பிறகும் சொல்லவில்லை.

மே 21, புதன்

எர்லிண்டா குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஓரகத்தி நெனிட்டா. தேர்தலுக்கு முந்தின வாரம் ஜுன்ரே ஆட்கள் நெனிட்டா வீட்டில் அரிசி மூட்டை இறக்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்.

நெனிட்டா நேரில் வந்தாள். "அரிசி வாங்கினேன், இல்லேன்னு சொல்லல. ஊர்ல எல்லாரும்தான் வாங்கினாங்க. ஓட்டு நம்ம பொண்ணுக்குத்தான் போட்டேன். ரெண்டாவது பிரசவத்துல அவ இல்லேன்னா நானே இல்ல. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்க்கா."

"அரிசி தின்ன வாயால சத்தியம் பண்ணாதே" என்றாள் எர்லிண்டா. கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்குத்தான் இந்த ஊர்ல ஒவ்வொரு ஓட்டும் தெரியுமே அண்ணே. நீயே சொல்லு, அவதானே?"

தங்கை கேட்கிறாள். ஊரில் ஒவ்வொரு ஓட்டும் தெரிந்தவன் நான்.

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எழுதவே இவ்வளவு நேரம் ஆகிறது.

மே 25, ஞாயிறு

பூசையில் நெனிட்டாவின் பெஞ்சில் அவளைத் தவிர யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

ஜூன் 7, சனி

ரோவேனா செபு நகரத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு தனியார் பிரசவ விடுதியில் இரவுப் பணி. அவள் குழந்தை இனி எர்லிண்டாவிடம். சுகாதார நிலையத்துக்குப் புது மருத்துவச்சி வந்தாயிற்று. நல்ல பெண் என்கிறார்கள். யாருடைய வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. என்னிடம்தான் கேட்கிறாள்.

துறைமுகத்துக்கு நான் ஏற்றிப் போனேன். வளைவில் நெனிட்டா நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் எர்லிண்டா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டாள். மூன்று பேரையும் படகுத் துறையில் இறக்கிவிட்டு, வண்டிச் சங்கிலியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி வளைவுக்குத் திரும்பி வந்தேன். நெனிட்டா இன்னும் அங்கேயே இருந்தாள். கையில் ஒரு பை மாம்பழம்.

"நான் குடுத்தா வாங்க மாட்டா. நீங்க குடுங்கண்ணே. யார் குடுத்தாங்கன்னு சொல்லணும்னு இல்ல." பையை நீட்டினாள். "நீங்களும் நான்தான்னு நினைக்கறீங்களா?"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கேட்காத மாதிரி பையை வாங்கிக்கொண்டேன்.

படகு ஏறும் பலகை அருகே ரோவேனாவிடம் கொடுத்தேன். "எங்க வீட்டு மரத்துப் பழம். வழியில சாப்பிடு" என்றேன். எர்லிண்டா பேத்தியின் கையைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோவேனா பையைத் திறந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், மருத்துவச்சிகள் முகத்தைப் பார்ப்பார்களே, எவ்வளவு நேரமாக வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அப்படி.

என் வீட்டில் மாமரம் கிடையாது. அவளுக்குத் தெரியும்.