கூப்பிடு தூரம்

8 ஜனவரி, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவருகிறவர் கீழே நின்று போன் செய்தார். "ஹலோ" என்றேன், அவ்வளவுதான். "சார், வீட்ல இருக்கீங்களா?" போனை வைத்துவிட்டேன். கதவைத் திறந்தால் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறார். புடவையில் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, சார் இல்லீங்களா? இப்பதான் பேசுனாரு, கட்டாயிடுச்சு" என்றார். தலையை ஆட்டினேன். இருக்கிறார் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. ஓடிபி எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஊமை என்று நினைத்து முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டார். அந்த இரக்கம் எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் கேவலம்.

மூன்று வருட ஹார்மோன் மாத்திரை உடம்பில் ஏதேதோ மாற்றிவிட்டது. கவிநிலா என்ற பெயர் ஆதாரில்கூட ஏறிவிட்டது. தொண்டை மட்டும் பழைய ஆளுடையது, அதற்கு மாத்திரை கிடையாதாம். கடையில் விரலைக் காட்டி வாங்குகிறேன். ஜூனில் நீண்ட விடுப்பு முடிகிறது. கல்லூரியில் வகுப்பின் முன்னால் நின்று வாயைத் திறந்தாக வேண்டும்.

12 ஜனவரி, வெள்ளி

முதலியார்பேட்டையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருத்தி இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். சங்கவி. என் மாணவிகளின் வயது. தண்ணீர் பாட்டிலில் ஸ்டிராவை விட்டு, 'ஊ' என்று ஊதி குமிழி விடச் சொன்னாள். ஐம்பதை நெருங்குகிற இயற்பியல் ஆசிரியை உட்கார்ந்து குமிழி விட்டேன்.

சுருதியை மட்டும் ஏற்றினால் மிமிக்ரி மாதிரி இருக்குமாம். ஒலி நெஞ்சில் அதிராமல் வாயின் முன்பக்கத்தில் அதிர வேண்டும். குழாயின் நீளம் குறைந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் உயரும் என்று இத்தனை வருடம் கரும்பலகையில் நான்தான் வரைந்துகொண்டிருந்தேன். தெரிந்து என்ன? என் குழாய் சொன்னபடி கேட்கவில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: "பேச்சு முதல்ல வந்துடும் மேடம். சிரிப்பு, இருமல், கத்தறது இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அதுவரை வெளியே சத்தமாகச் சிரிப்பதில்லை, கத்துவதில்லை. இது அவள் சொன்னதல்ல. நானாக வைத்துக்கொண்டது.

21 ஜனவரி, ஞாயிறு

போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். பேசப் பேச ஒரு கோடு ஓடும். மேலே பெண்களின் எல்லை, கீழே ஆண்களுடையது. "இன்னைக்கு வெயில் அதிகம்" என்று முப்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா: "ஏ நெலா, என்னாடி அது, கொசு காதுல பேசுறாப்புல? சோறு துன்னலயா நீ?"

போன் அதையும் கேட்டது. அம்மாவின் கோடு முழுக்க ஆண்களின் எல்லைக்குள் ஓடியது! வைத்திக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் கூவி விற்ற தொண்டை. மூணாவது மாடியில் இருப்பவளையும் இறங்கி வரவைக்கும்.

சிரித்திருக்கலாம். போனை அணைத்தேன். "நானும் அந்தப் புள்ளய வந்து பார்க்கட்டா?" என்று கேட்டாள். வேண்டாம், சின்ன இடம் என்றேன். இடம் சின்னதில்லை. இவள் குரல் அந்த அறையில் கேட்கக் கூடாது என்று எனக்கு.

3 பிப்ரவரி, சனி

மருந்துக்கடையில் மூன்று வாக்கியம் பேசினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

16 பிப்ரவரி, வெள்ளி

கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம். அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

நெல்லித்தோப்பு மார்க்கெட் வாசல். நான் காய்க்கடையில் நின்றேன். அம்மா எதிர்ப்பக்கம் பூ வாங்கப் போனாள். ஒரு குட்டியானை லோடு வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டிரைவருக்கு அவள் தெரியவில்லை. அவளும் திரும்பவில்லை.

நான் பார்த்தேன்.

வாயைத் திறந்தேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. வந்ததைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தி, மேலே ஏற்றி, முன்னால் கொண்டுவந்து, பயிற்சியில் வருகிற மாதிரி "அம்மா" என்றேன். காய்க்கடைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

17 பிப்ரவரி, சனி

கீழ்வீட்டு செம்மல் பார்க்க வந்தார். "ஏம்மா, கூடப் பொண்ணு இருந்துச்சே?"

"அது பார்க்கல செம்மலு. பார்த்திருந்தா கத்தியிருக்காதா?"

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஊற்றினேன்.

18 பிப்ரவரி

காய்க்கடை வாசலில் யார் இருந்தார்கள்? நாலு பேர். பெயர் தெரியாத நாலு பேர். அவங்க திரும்பிப் பார்த்துருவாங்கன்னு — பார்த்தா என்ன? என்ன ஆயிடும்? அந்த நாலு பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

23 பிப்ரவரி, வெள்ளி

சங்கவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தறத அப்புறம்னு நான் சொல்லிருக்கக் கூடாது மேடம். இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?"

தப்பை அவள் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். எனக்கு அதுவும் தாங்கவில்லை. வேண்டாம், இனி வரப்போவதில்லை என்றேன். அதைக்கூட நல்ல குரலில்தான் சொன்னேன். ஏறி இறங்கி, அழகாக.

5 மார்ச், செவ்வாய்

அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "ஏண்டி கிளாஸுக்குப் போகல? என் கைய சாக்கு வெக்காத" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"பார்த்துட்டா கத்தல?"

"ஆம்பள கொரலா வந்துடும்னு..."

தட்டைத் தள்ளினாள். "நீ புடவ கட்டிக்கினு வந்து நின்னப்ப தெருவே வாய்ல போட்டு மென்னுச்சு. நான் எவனுக்காவது பயந்து உன்ன வுட்டனா? எவனோ என்னா நெனப்பான்னு நீ என்ன வுட்டுட்ட."

பதில் இருந்தாலும் எந்தக் குரலில் சொல்வது?

7 மார்ச், வியாழன்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஒரு கையால் கொண்டை போட முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். காலையில் சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாரினேன். சிக்கு இழுத்தபோதுகூட "ஸ்" என்று சொல்லவில்லை.

19 மார்ச், செவ்வாய்

திரும்பப் போனேன். சங்கவி மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று, "என்னைக் கூப்பிடுங்க மேடம்" என்றாள். தொண்டையை இறுக்காமல், வயிற்றிலிருந்து.

"அம்மான்னு கூப்பிடறேன்" என்றேன்.

முதல் தடவை பாதியில் உடைந்தது. அடுத்தது இருமல். மூன்றாவது, பழைய ஆளேதான். அடுத்த மாடியில் துணி காயப்போட்டவர் கையில் சட்டையோடு திரும்பிப் பார்த்தார். காது சுட்டது. படியிறங்கப் போனேன்.

"இன்னும் ஒரு தடவ மேடம். அவர் பார்த்தா பார்த்துட்டுப் போறாரு, அவருக்கும் பொழுது போகணும்ல."

நின்றேன். கூப்பிட்டேன். நன்றாக வந்தது என்று சொல்ல முடியாது. தொட்டி வரைக்கும் போனது.

1 ஏப்ரல், திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் கையோ மாதிரி கீது" என்றாள். கொஞ்ச நாளைக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

கோரிமேட்டில் பஸ் ஏறும்போது கூட்டம். அம்மா முன்னால், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏழெட்டுப் பேர். வலது கையில் பை. இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. கை நழுவுவது தெரிந்தது.

"நிறுத்து! நிறுத்துய்யா வண்டிய! அம்மா ஏறல!"

பிரேக் போட்ட வேகத்தில் உள்ளே இருந்தவர்கள் சாய்ந்தார்கள். ஒரு பெண் அம்மாவின் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் தலையை நீட்டி, "யாருப்பா அது?" என்று தேடினார். அவர் கண் என்னைத் தாண்டிப் போய், கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடி, மறுபடி என்னிடமே வந்து நின்றது. காலேஜ் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எந்தக் குரலில் கத்தினேன்? இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்க அப்போது எனக்கு நேரமில்லை.

ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுப் பஸ்ஸும் பார்க்கிற மாதிரி இருந்தது. காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டியதும் அம்மா சொன்னாள், நாலு சீட்டுக்குக் கேட்கிற மாதிரி:

"போன தபாவே இப்டி கத்தியிருந்தன்னா, இன்னைக்கு இந்தப் பஸ்ஸே ஏறியிருக்க வேணாமேடி."

சிரித்துவிட்டேன். சத்தமாகவே. அழுகையும் கூடவே வந்தது. அம்மா சிரிக்கவில்லை. பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

2 ஏப்ரல்

தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாள் பேசக் கூடாது என்று சங்கவி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பேசாமல் இருப்பது இப்போது கஷ்டமாக இருக்கிறது.

20 ஏப்ரல், சனி

சங்கவியைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப் போனேன். ஸ்டிராவைக் கையில் கொடுத்ததும் இவள் ஊதிய ஊதலில் மேஜையெல்லாம் தண்ணீர்.

வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் போன். "சார், சிலிண்டரு. வீட்ல இருக்கீங்களா?"

காது சுட்டது. அது போகாது போலிருக்கிறது. போனை வைக்கவில்லை.

"இருக்கேன். மேடம் பேசறேன்."

"சரிங்க மேடம். சார்கிட்ட ஓடிபி நம்பர வாங்கி வெச்சிடுங்க."

"சார்னு யாரும் இல்லைங்க. நம்பர் எங்கிட்டதான் இருக்கு. மேல வாங்க."