அந்த வீடு போகவில்லை, பாய்

பாய்,

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுவரிலிருந்து கழற்றிய படத்தின் பின்பக்கத்தில் உங்கள் பூந்தமல்லி பிரேம் கடையின் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. நொறுங்கிய கடைக் கண்ணாடி, அதைத் தாண்டி நடக்கும் மனிதர்கள். ஜெர்மனியில் 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளை உடைத்துத் தொழுகைக் கூடங்களைக் கொளுத்திய இரவுக்கு மறுநாள் எடுத்த படம்.

அந்த இரவை நினைத்து ஆண்டுதோறும் கடை மாடியில் கூட்டம் போட்டீர்கள். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். "அவங்களுக்கா பாய் நீ கூட்டம் போடற?" என்று உங்கள் தெருக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள்.

"கடைய ஒடச்சா கடைக்காரனுக்கு வலிக்கும். அவன் எவனா இருந்தா இன்னா? குந்து, டீ குட்சிட்டு போ" என்றீர்கள்.

என்னிடம் படத்தைக் காட்டி, "கல்லு உட்டவன் இதுல இல்ல நைனா. தாண்டிப் போறான் பாரு, அவன் மூஞ்ச பாரு" என்றீர்கள். ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் மகளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்தபோது, திருமுல்லைவாயிலில் என் அடுக்ககத்தில் காலியாக இருந்த வீட்டைக் கேட்டீர்கள். சங்கச் செயலாளர் என்னை லிஃப்ட் அருகே நிறுத்தினார். "அவங்க வேணாம் சார். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." நிருபராக நாற்பது ஆண்டுகள் ஊரையே கேள்வி கேட்டுப் பிழைத்தவன், அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. உங்களுக்குப் போன் செய்து, "அந்த வீடு போயிடுச்சு பாய்" என்றேன்.

மறுவாரம் இந்தப் படத்தை பிரேம் போட்டு எடுத்து வந்தீர்கள். கேட்டில் 'வாடகைக்கு' போர்டு தொங்கியது. மாடியேறி வந்து, "போர்ட அவுக்க மறந்துட்டானுங்கோ போல" என்றீர்கள். அடுத்த மூச்சில், ஆணி எங்கே அடிப்பது என்று கேட்டீர்கள். நான் சுத்தியல் தேடப் போனேன்.

அந்த நவம்பரில் நான்தான் பேச்சாளர். கதவைச் சாத்திக்கொண்ட அண்டை வீட்டார்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள்.

நீங்கள் மறைந்த பிறகு கூட்டத்தை உங்கள் மகள் நடத்துகிறாள். இந்த ஆண்டு மறுபடியும் என்னைப் பேசக் கூப்பிட்டாள். நேற்று நெமிலிச்சேரியில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மாமா. அத்தா அன்னிக்கே சொல்லிட்டாரு. நான் போய் உங்கள கேக்கறேன்னு கிளம்பினேன். 'உடும்மா, அவரும் அந்த பிளாட்ஸ்லதானே இருந்தாவணும்'னு தடுத்துட்டாரு."

நான் கிளம்ப எழுந்தேன்.

"கூட்டத்துல இதையே பேசுங்க. உங்க பிளாட்ஸ்காரங்களும் வந்து கேக்கட்டும்" என்று ஒரு கட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்தாள்.

நீங்கள் சொன்னதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள என்னிடம் ஆதாரம் இல்லை, பாய். எனக்காக நீங்கள் தேடிக்கொடுத்த சாக்கு அது. அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்தது, எனக்கு இல்லை.

இன்று எல்லா வீடுகளுக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். செயலாளர் வீட்டுக்கானது மட்டும் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.