ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 1974

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதிக்கும்போது, நாம் எங்கும் போகவில்லை என்பது உடம்புக்குத் தெரியுமா? விலங்கியல் படித்த எனக்கே பதில் தெரியவில்லை.

சர்க்கரை குறைய உடற்பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். நம்பிக்கையில்லாமல்தான் தோட்டத்தில் உங்கள் சைக்கிளில் ஏறினேன். இப்போது சர்க்கரை குறைந்திருக்கிறது. சோற்றைக் குறைத்ததாலா, மிதித்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, இவ்ளோ நேரம் மிதிச்சும் ஊட்டாண்டயே கீறீங்க!" என்று சிரிக்கிறாள்.

இனி ஊத்துக்கோட்டையில் தம்பி வீட்டோடு இருந்துவிடுவதாகவும், இங்கே உங்களுடையது என்று மீதியிருப்பது சைக்கிள்தான், அதை எடுத்துவரத் தம்பியை அனுப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். சோற்றாலா, மிதிப்பதாலா என்று பார்க்கும் என் சோதனை இன்னும் முடியவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி

மறுநாள் சேர்த்து எழுதுவது:

இதைத் தபாலில் போடுமுன் உங்கள் தம்பி லாரியோடு வந்துவிட்டார். நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"எறங்குங்க அண்ணி, லாரி நிக்குது" என்றார்.

"அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

"உங்க ரெண்டு பேராலயும் எனக்கு ஒரே பேஜாரு" என்று முனகிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினார். லாரிச் சத்தம் அடங்கிய பிறகுதான் மிதிப்பதை நிறுத்தினேன்.