மற்றக் கார்ட்டில் இருந்த நீ

பிஸ்கட் பேணியைத் திறந்ததும் கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. நேற்றுப் பின்னேரம் உன் மகள் ஸ்கூட்டரில் வந்து இதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே, பழைய கைக்குட்டையில் சுற்றியபடி, உன் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ். அதைச் சுற்றிவர, ஈரம் உறிஞ்சுவதற்காகச் சப்பாத்துப் பெட்டிகளில் இருந்து நீ பொறுக்கிச் சேர்த்த சின்னப் பைக்கற்றுகளும் ஒரு பிடி கராம்பும். கடற்காற்றுக்கு லென்சில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது சரி. கராம்பு போட்டால் பிடிக்காது என்று உனக்கு யார் சொன்னது? "இது லென்ஸா, புரியாணியா?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. என்னுடைய விலை கூடிய ஜூம் லென்சுக்குள் ஒரு மூலையில் தொடங்கிவிட்டது. நீ இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னைப் பகிடி பண்ணியிருப்பாய்.

உன் மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். "பொம்புளைப் பக்கம் நீங்கதான் எடுக்கணும் அன்ரி. உம்மாட லென்ஸால எடுங்க" என்றாள். ஓம் என்றேன். படலை வரை போனவள் திரும்பி வந்தாள்.

"உம்மாட போட்டோ ஒண்டு உங்களிட்ட இருக்கா? வீட்டில அடையாள அட்டைப் படம் மட்டும்தான் கிடக்கு. தனிய, சிரிச்சிட்டு இருக்கிற மாதிரி ஒண்டு."

"தேடிப் பாக்கிறன் மகள்" என்றேன். தேட ஒன்றுமில்லை. மேசையில் எந்த லாச்சியில், எந்த உறைக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்று விடிந்ததில் இருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. உன் ஐம்பதை என் கமராவில் பூட்டுகிறேன், கழற்றுகிறேன், ஜூமைப் பூட்டுகிறேன், அதையும் கழற்றுகிறேன். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. உப்புவெளிக் காற்றில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு லென்ஸ் மாற்றினால் உள்ளே மணல் போகும் என்று நீ கத்துவாய். கத்துவதற்கு ஆள் இல்லாததும் ஒரு கரைச்சல்தான்.

கலியாண வீடுகளில் சேர்ந்து படம் எடுத்த ஆறு வருசமும் இந்த ஒரு விசயத்துக்காகச் சண்டை பிடித்தோம். எட்டவும் கிட்டவும் நகரும் ஜூம்தான் எனக்கு வேண்டும். நின்ற இடத்தில் நின்று, ஒரு திருகில் மண்டபத்தின் மறு கோடியில் இருப்பவளின் மூக்குத்தியை எடுத்துவிடுவேன். உன்னுடையது நகராத ஐம்பது. ஒரே தூரம், ஒரே பார்வை. ஆனால் அதன் வாய் அகலம், வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். யன்னல் சீலைகளை இழுத்து மூடி, ஒரு ரியூப்லைற்றை மட்டும் போட்டு வைத்திருக்கும் பெண்கள் அறைகளில் என் ஜூமுக்குக் கண் தெரியாது. பிளாஷ் அடித்தால் மணமகளின் நகையும் வியர்வையும் ஒன்றாய் மினுங்கும். நீயோ பிளாஷே இல்லாமல் பாயில் முழங்கால் ஊன்றி, அவளுக்கு மூன்றடி முன்னால் போய் இருப்பாய்.

"கிட்டப் போ புள்ள. கேட்டுட்டு எடு. ரெண்டடி நடந்தா உன்ட கால் தேயுமா?"

"நான் நடந்து போறதுக்குள்ள அது முடிஞ்சிடும்."

"முடிஞ்சா முடியட்டும். உன்னைக் கேட்டா நடக்குது?"

மூதூர்க் கலியாணத்தில் இரண்டு பேரும் வென்றோம். கட்டாரில் இருந்து வர ஏலாது என்று சொன்ன மணமகளின் தமையன், ஒருவருக்கும் அறிவிக்காமல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். நான் அறையின் மறு கோடியில் இருந்து அவனை எடுத்தேன். அவன் செருப்பைக் கழற்ற மறந்தது வரை படத்தில் விழுந்தது. அந்த நேரம் நீ வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவனைக் கண்ட தங்கையின் முகத்தை எடுத்தாய். கலியாண அல்பத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன்னுடைய இன்னொரு வழக்கத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில், பெண்களின் நடுவே கமராவோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாய்க் காட்டுவாய். யாராவது வேண்டாம் என்று தலையை ஆட்டினால் அங்கேயே அழிப்பாய். நல்ல படங்கள் எத்தனை அப்படிப் போயின! என் கமராவில் இரண்டு மெமரி கார்ட். ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கட்டும் என்று ஒரே படத்தை இரண்டிலும் பதியும். ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியாது. அதை நீ கண்டுபிடித்த நாளில் இருந்து, எல்லாப் பெண்களுக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்பாய்: "மற்றக் கார்ட்டில?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழிப்பேன்.

கப்பல்துறைக் கலியாண வீடு ஞாபகம் இருக்கிறதா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன்னைக் காணவில்லை. குசினி வாசலுக்கு வந்து பார்த்தேன். கிணற்றடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் குந்தியிருந்து போனில் கதைத்துக்கொண்டிருந்தாய். செருப்பைக் கழற்றியிருந்தாய். வெக்கைக்குத் தலைச்சீலை கொஞ்சம் தளர்ந்திருந்தது. அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை, உடம்பெல்லாம் குலுங்க. ஜூமை முழுக்க இழுத்து ஒன்றே ஒன்று எடுத்தேன்.

பின்னேரம் படங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவள் அதில் நின்றுவிட்டாய்.

"என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா நீ இப்பிடிச் சிரிப்பியா? நல்லா இருக்குதானே?"

"நல்லாத்தான் இருக்கு. கேளாம எடுத்தது. அழி."

அழித்தேன். நீ அடுத்த படத்துக்குப் போனாய். மற்றக் கார்ட்டைப் பற்றி நீ கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும்.

இரண்டு வருசமாய் இதுதான் என்னைக் குடைகிறது. களைப்பில் மறந்தாயா? நீ மறக்கிறவள் இல்லை. உன்னிடம் நான் களவு செய்ய மாட்டேன் என்று நம்பினாயா? அப்படியென்றால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இல்லை, தெரிந்துகொண்டுதான் விட்டாயா? ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்த நாட்களில் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. உனக்கு மூச்சு வாங்கியது, கேட்கவில்லை. அந்தக் கார்ட்டைக் கழற்றி உறையில் போட்டு வைத்தேன். கணினியில் ஏற்றவும் பயம், அழிக்கவும் மனமில்லை. உன் மகளிடம் கொடுத்தால் உன் சொல்லை மீறுகிறேன். ஒளித்தால் ஒரு பிள்ளைக்கு அதன் தாயின் சிரிப்பை இல்லை என்கிறேன்.

இவ்வளவும் காலையில் எழுதியது. அதற்கு மேல் இருக்க முடியாமல் கமராவையும் உறையையும் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போகக் கிண்ணியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாலத்தில் போகும்போதுகூட இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

உன் மகள் வெளியே கதிரையைப் போட்டாள். நான் அதில் இருக்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் பாயில் இருந்தேன். படத்தைக் காட்ட முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் எடுத்தது, நீ அழிக்கச் சொன்னது, நான் பாதி அழித்து மீதியை வைத்திருந்தது எல்லாம். "பாக்கிறதா விடுறதா எண்டு நீ சொல்லு மகள்" என்றேன். உறையில் இருந்த கார்ட்டை நான் கமராவில் போடும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கமராவைக் கையில் வாங்கினாள்.

"ஆரோட கதைச்சிட்டு இருக்கிறா?"

"உன்னோடதான். நீ முதல் தரம் ரொட்டி சுட்டு, கருக்கிப்போட்டு எடுத்த கோல் எண்டு உம்மா பிறகு சொன்னா."

அவள் அழுதாள். நானும்தான், மறைப்பானேன். படத்தை அவளுடைய போனுக்கு அனுப்பினேன். அவள் ஒரு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, கமராவில் தானே தேடி, அழிக்கிற பொத்தானை அமத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மற்றக் கார்ட்டில, அன்ரி?"

உன் குரலேதான், அந்தக் கறார் உட்பட. இரண்டாவது கார்ட்டையும் திறந்து காட்டினேன். வெறுமை. இனி என்னிடம் நீ ஒரு படமாகக்கூட இல்லை. திரும்பி வரும்போது அது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

என்னிடம் மிஞ்சியிருப்பது உன் ஐம்பதும் பேணியும்தான். ஜூமைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதே, அது என் சோறு. அதுவும் இப்போது உன் கராம்புக்குள்தான் கிடக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐம்பதைத்தான் பூட்டிக்கொண்டு போகிறேன். அன்று மூதூரில் வாசலில் ஒருவன் வந்து நின்றான், அதற்கு ஜூம் வேண்டியிருந்தது. உன் மகளும் கட்டாயம் ஒரு தரம் உன்னைத் தேடி வாசலைப் பார்ப்பாள். அந்த வாசலில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நான் அவளுக்கு மூன்றடி முன்னால், பாயில் இருப்பேன். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.