இடது பக்கம் ஆறு படி

அண்ணா,

உன் ஹோம் தியேட்டர் ரிசீவர் பெட்டிகள் இரண்டையும் விற்றுவிடலாம் என்று அண்ணி சொன்னார். நேற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் வீட்டுக்குப் போய்ப் புதியதை ஆன் செய்தேன். தூசி சூடேறும் வாசனை. பிறகு செய்தி வாசிப்பவரின் குரல், இடது பக்கமே சாய்ந்து வந்தது.

"அவர் போனதுலேர்ந்து யாரும் தொடலம்மா" என்றார் அண்ணி.

பழையதில் இடது பக்கச் சத்தம் குறைகிறது என்றுதான் நீ புதியதை வாங்கினாய். அதிலும் திருப்தி இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஞாயிறுதோறும் ஒயரைக் கழற்றி மாட்டி, எது தேவலை என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒலியை அளக்கும் சின்ன மைக்கை உன் நாற்காலியில், உன் காது உயரத்துக்கு நிறுத்துவாய். மே மாத வெயிலில் ஃபேனை அணைத்து, எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்வாய். சரியாக அப்போதுதான் அண்ணியின் குக்கர் விசிலடிக்கும்.

"அஞ்சு நிமிஷம் அதை அடக்கி வைக்கக் கூடாதா?"

"மத்தியானம் பொட்டியைத்தான் சாப்பிடப் போறீங்கன்னா சொல்லுங்க, அடுப்பை அணைச்சுடறேன்."

அப்படி ஒரு ஞாயிறு நான் வந்தபோது, என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா ஆராய்ச்சி மேடம்! நீயே தீர்ப்பு சொல்லு" என்றாய்.

உன் கண்ணைத் துண்டால் கட்டினேன். எது ஓடுகிறதென்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் நீ ஒன்றையே சொன்னாய்: "இதுலயும் லெஃப்ட் கம்மிதான்." உன் நாற்காலியில் போனை வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் சமம்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் உன் பிரமை."

நீ சிரித்தாய். துண்டை அவிழ்த்து, ரிமோட்டை எடுத்து, புதியதில் இடது பக்கத்தை மட்டும் ஆறு படி ஏற்றினாய். "இப்ப சரியா இருக்கு. நீ என்ன வேணா சொல்லிக்கோ."

ரிசீவர் சரி, ஸ்பீக்கர் சரி என்றால் மிச்சமிருந்தது உன் காது மட்டும்தான். எதையும் லேசில் நம்பாத நான் அந்தக் கடைசிப் படிக்குப் போகவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் நடக்கும்போது நீ சாயத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி காது நரம்பைத் தாண்டி உள்ளே போயிருந்தது. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் என்ன பதில் சொல்லியிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

வாங்க வருகிறவர் ஊரப்பாக்கத்துக்காரர். "ரெண்டுல எது மேடம் நல்லது?" என்று போனில் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப புதுசையே குடுங்க. பழைய செட்டிங்கெல்லாம் அழிச்சுட்டு."

அழிக்கவா வேண்டாமா என்று திரை கேட்டது. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து இடது காதை லேசாகப் பொத்தினேன். குரல் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. இப்படித்தான் உனக்குக் கேட்டிருக்கிறது. அன்று போனும் துண்டும் எதற்கு? உன் காதை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்க்க என் கை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

வேண்டாம் என்று அழுத்தினேன். ஞாயிறன்று அவர் பழையதை எடுத்துப் போகட்டும். இது என்னிடம் இருக்கும். எதற்கென்று அண்ணி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.