ஏரிக்கரையில் காகத்துக்கு வைத்த இலை

ஒக்டோபர் 9, வியாழன்

காலையிலேயே புழுக்கம். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை.

வாங்க: வாழைக்காய், பயற்றங்காய், உளுந்து, வாழையிலை (கிழியாததாகப் பார்த்து).

சனிக்கிழமை இவருடைய ஆட்டைத் திவசம். அதற்குள் ஒரு வருடம். வத்தளையிலிருந்து மச்சாளின் கோல், இவருடைய அக்கா. முழங்கால் ஒப்பரேஷன், தம்பியின் திவசத்துக்கு வர ஏலாதாம். எனக்கு நிம்மதி. போனை வைக்கும்போது மட்டும், "இந்த முறையாவது காகம் எடுக்குதோ பாப்பம்."

ஒக்டோபர் 10, வெள்ளி

கந்தோரில் அரைநாள் லீவு. உளுந்து ஊறப்போட்டாயிற்று.

இவர் போன முப்பத்தோராம் நாள் பல்கனியில் காகத்துக்குப் படைத்தேன். இரண்டு காகம் கம்பியில் வந்திருந்து பார்த்தன. தொடாமலே பறந்தன. மச்சாள் எல்லார் முன்னாலும் சொன்னா: "உயிரோட இருக்கேக்கை என்ன குறை வைச்சியோ, அவனுக்கு மனம் ஆறேல்லை." இத்தனை வருடம் சமைத்துப் போட்டவளுக்கு ஒரு காகம் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரைக் காகம் யார் வைத்தாலும் தின்னும். அது கணக்கில்லை. இவர் வருவதென்றால் ஒரே இடம், இரத்மலானைக்கு அங்கால் ஏரிக்கரைச் சரணாலயம். ஞாயிறு தவறாமல் தொலைநோக்கியும் கழுத்துமாக என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அவருக்குப் பறவை, எனக்கு நுளம்புக்கடி. அங்கேயே கொண்டுபோய் வைக்கிறேன்.

ஒக்டோபர் 11, சனி

விடியப் பெய்த மழை, பிறகு வெயில். ஐயர் வந்து முடித்துப் போனார். காகம் எடுக்கும்வரை நான் சாப்பிடக் கூடாது. ஓட்டோவில் ஏரிக்கரைக்கு.

நடைபாதை முழுக்கச் சேறு. மரப்பாலம் தாண்டி, இவர் வழமையாக நிற்கும் நாவல் மரத்தடி. இலை விரித்துச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை. கா, கா என்று கூப்பிட வெட்கம். நடக்க வந்த சோடி ஒன்று சிரித்துக்கொண்டு போனது. கிளையிலிருந்து ஒரு காகம் இறங்கி இரண்டு எட்டுத் தள்ளி நின்றது.

அப்போதுதான் விசில். காவலாளி. சிங்களத்தில் ஏச்சு. போர்டைக் காட்டினார்: விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். கிட்ட வந்து என்னை அடையாளம் கண்டு, சேர் எங்கே என்றார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். அந்தப் போர்டே சேர் பல தரம் சரணாலயக் கந்தோருக்கு அலைந்து வைப்பித்ததாம். இவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மீனுக்குப் பிஸ்கட் போட்ட பிள்ளையைக்கூட ஏசிய ஆள்தானே.

தான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாராம், நான் வைக்கலாமாம். நின்றார்.

காகம் போகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எடுத்திருக்கும். இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செத்தும் விட்டுக்கொடுக்காத மனுசன்.

பஸ் ஹோல்ட்டில் ஒருவரும் இல்லை. பசி. மடியில் இலையை விரித்தேன். வடையில் உப்புக் குறைவு.

கை கழுவ முதல் மச்சாளின் கோல். காகம் எடுத்ததோ?

"ஓம் மச்சாள்."

"எத்தினை வந்தது?"

"ஒண்டுதான். ஒரு பருக்கை மிச்சம் விடேல்லை."